பங்குக் கிணறும் பட்டணத்து வீதியும்

யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்குப் பங்குக் கிணற்று நியாயத்தை எவரும் புத்தகம் வைத்துப் படிப்பிக்க வேண்டியதில்லை. நான்கு குடும்பங்களுக்கு உரித்தான கிணறு என்றால் நான்கு குடும்பங்களுக்கும் இறைப்பு முறை உண்டு. முறை வந்தவன் இறைப்பான்; மற்றவன் காத்திருப்பான். துலாவால் இறைத்த காலத்திலும் இதுவே நியாயம். இயந்திரத்தால் இறைக்கும் இக்காலத்திலும் இதுவே நியாயம். "நான் பெரிய இயந்திரம் வாங்கிவிட்டேன், ஆகவே அயலவன் முறையிலும் நானே இறைப்பேன்" என்று ஒருவன் புறப்பட்டால், ஊரும் அவனைப் பொறாது, நீதிமன்றமும் பொறாது. உறுதியிலே எழுதப்பட்டிருப்பது உரித்தாளனின் பங்கேயன்றி அவனுடைய இயந்திரத்தின் பலமன்று.

கொழும்பு மாநகரின் வீதிகளும் இத்தகைய பங்குக் கிணறுகளே. காலி வீதியும், கண்டி வீதியும், ஹைலெவல் வீதியும், பேஸ்லைன் வீதியும் எவருடைய முதுசமும் அல்ல. கடையிலே சீனியும் சவர்க்காரமும் வாங்கும்பொழுது வரி கொடுக்கின்ற ஒவ்வொரு குடிமகனின் பணத்தாலும் அமைந்தவை அவை. அவன் பணத்தாலேயே பேணப்படுகின்றவை. அவ்வீதிகளில் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு ஒவ்வொருவருக்கும் கிடைக்கின்றதா? இன்றைய எமது கேள்வி இதுதான்.

காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட வேளையில் காலி வீதியை நோக்குவோமாக. பாணந்துறையிலிருந்தும் மொறட்டுவையிலிருந்தும் புறக்கோட்டை நோக்கி 100, 101 ஆம் இலக்க பஸ் வண்டிகள் வருகின்றன. ஒரு பஸ் வண்டி வீதியில் இரண்டு அல்லது மூன்று மோட்டார்க் கார்களின் இடத்தைப் பிடிக்கின்றது. அதனுள்ளே ஆசனங்களில் ஐம்பது பேரளவிலும், நின்றபடியும் தொங்கியபடியும் மேலும் பலரும் பிரயாணஞ் செய்கின்றனர். அதே அளவு இடத்தில் நிற்கும் மூன்று கார்களில் இருப்போர் எத்தனை பேர்? பெரும்பாலும் மூவர், மிஞ்சினால் ஐந்தாறு பேர். தெகிவளைச் சந்தியிலே சிவப்பு விளக்கு எரிந்தால் அனைவரும் ஒன்றாகவே நிற்கின்றனர். ஒருவரை ஏற்றிய வண்டிக்கும் ஒரு முறை. அறுபது பேரை ஏற்றிய வண்டிக்கும் ஒரு முறை! பங்குக் கிணற்றில் இவ்வாறு முறை வகுத்தால் கமக்காரன் சம்மதிப்பானா?

சமத்துவம் போலத் தோன்றும் இந்த ஏற்பாட்டினுள்ளே பெரியதோர் அநீதி மறைந்து கிடக்கின்றது. வண்டிகளை எண்ணுகின்ற அரசாங்கம் மனிதர்களை எண்ண மறந்துவிட்டது. நாட்டின் அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சகலரும் சமம் என்கின்றது. 14 ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் நடமாடும் சுதந்திரம் உண்டு என்கின்றது. அவ்வுரிமைகள் பிரசைகளுக்கு வழங்கப்பட்டவை. மோட்டார்க் கார்களுக்கு வழங்கப்பட்டவையல்ல. அன்றியும், பொதுவழி உரித்து என்பது அவ்வழியே போவதற்கும் வருவதற்கும் உள்ள உரித்தாகும். ஒருவர் தமது காரை நாள் முழுவதும் வீதியோரத்தில் நிறுத்திவிட்டு, பாதசாரிகளைப் பஸ் வண்டியின் சில்லுக்குள் இறங்கி நடக்கச் செய்வது எந்த உரித்தின்பாற்படும்?

இதை வாசிக்கும் அன்பர்களில் ஒரு பகுதியார் வைத்தியர்கள், சட்டத்தரணிகள், பொறியியலாளர்கள், கணக்காளர்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருந்து, புதுக்கடை நீதிமன்றங்களுக்கும் கோட்டைக் கந்தோர்களுக்கும் தினந்தோறும் காரிலே செல்பவர்கள். அவர்களைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. இரவிலே அழைப்பு வந்தால் ஓடவேண்டிய வைத்தியருக்குக் கார் ஆடம்பரமன்று. நோயாளியையும் முதியவரையும் கைக்குழந்தையையும் கொண்டு செல்பவருக்கும் அது தேவையே. ஆனால், வெள்ளவத்தையிலிருந்து புதுக்கடைக்குப் பத்துக் கிலோமீற்றர் தூரம்கூட இல்லை. அத்தூரத்தைத் தனியொருவராய்க் கடப்பதற்கு ஓராயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இரும்பையும் தகரத்தையும் நகர்த்திச் சென்று, பகல் முழுவதும் அதை வெயிலிலே நிறுத்தி வைத்துவிட்டு, மாலையிலே மீண்டும் நகர்த்தி வரும் வழக்கத்தைப் பகுத்தறிவுள்ளோர் எத்தனை காலம் நாகரிகம் என்று அழைக்கப் போகின்றனர்?

கமக்காரனுக்கு இதில் என்ன?

வன்னியிலும் வலிகாமத்திலும் இருந்து இதை வாசிக்கும் கமக்காரப் பெருமக்கள், "கொழும்புக்காரரின் நெரிசல் எமக்கென்ன?" என்று கேட்கக் கூடும். கேள்வி நியாயமானது, விடையும் உண்டு.

இந்நாட்டில் எண்ணெய்க் கிணறு எதுவும் இல்லை. கொழும்பு வீதிகளில் இயந்திரம் ஓடியபடி நின்று எரிக்கப்படும் ஒவ்வொரு லீற்றர் பெற்றோலும் வெளிநாட்டு நாணயம் கொடுத்து வாங்கப்படுவதே. அந்நாணயம் 2022 இல் வற்றியபொழுது நேர்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு யூலையில் எரிபொருளைப் பங்கிடுவதற்கு அட்டை முறை வந்தபொழுது, முதலில் வெளியான வாராந்த அட்டவணையில் மோட்டார்க் காருக்கு 20 லீற்றர், பஸ் வண்டிக்கு 40 லீற்றர், உழவு இயந்திரத்துக்கு 15 லீற்றர் என்று வகுக்கப்பட்டிருந்தது. வழித்தடங்களில் ஓடும் பஸ்களுக்குப் போக்குவரத்துச் சபையின் டிப்போக்கள் மூலம் எரிபொருள் கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது என்பது உண்மையே. ஆயினும் ஒருவர் ஏறிச் செல்லும் காருக்கு உழவு இயந்திரத்தை விட ஐந்து லீற்றர் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று தோன்றிய மனப்பாங்கை அவ்வட்டவணை காட்டிக் கொடுத்துவிட்டது.

அடுத்த மாதமே, ஓகஸ்டில், மண்ணெண்ணெய் லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. மண்ணெண்ணெயிலே தோட்டம் இறைக்கும் வெங்காயக் கமக்காரனும், மண்ணெண்ணெயிலே படகு ஓட்டும் கரையோரத் தொழிலாளியும் தலையிலே கைவைத்தனர். தலைநகரின் நெரிசலுக்கும் நீர்வேலித் தோட்டத்து வாய்க்காலுக்கும் இடையே உள்ள தொடர்பு இதுவே. ஒரே திறைசேரியிலிருந்துதான் இரண்டுக்கும் பணம் போகின்றது.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. வடக்கிலிருந்து மரக்கறி ஏற்றிய லொறி பேலியகொடைச் சந்தையை நாடிப் போகும்பொழுது, நகர வாயிலில் அதே நெரிசலுக்குள்ளேதான் அகப்படுகின்றது. பிந்தி வந்த சரக்குக்குச் சந்தையிலே விலை விழும். விழுந்த விலையின் நட்டம் கமக்காரன் தலையிலேயே வந்து விடிகின்றது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் மோட்டார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. திறைசேரிக்கு வரி வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஆனால் புதிய கார்களுக்குத் துறைமுகத்தைத் திறந்துவிட்ட அரசு, அவை ஓடுவதற்குப் புதிய வீதியை எங்கிருந்து கொண்டு வரும்?

கையிலிருந்ததை விட்ட கதை

கொழும்பு பொதுப் போக்குவரத்தை அறியாத பட்டணமன்று. 1899 முதல் 1960 வரை அங்கே மின்சார ட்ராம் வண்டிகள் ஓடின. கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் தொழிலாளரும் எழுதுவினைஞரும் அவற்றிலேயே சென்றனர். 1953 முதல் 1964 வரை மின்கம்பியில் இணைந்த ட்ரொலி பஸ்களும் ஓடின. புகையில்லாத அவ்வண்டிகளைப் பழையன என்று கழித்துவிட்ட பட்டணம், அறுபது ஆண்டுகளின் பின் மின்சார வண்டியே புதுமை என்று மேடை போட்டுப் பேசுகின்றது.

1958 ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பெனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இலாபமில்லாத கிராமத்துக்கும் பஸ் போகவேண்டும் என்ற கொள்கை நல்ல கொள்கையே. ஆனால் 1979 இல் தனியாருக்கு மீண்டும் வழி திறந்தபொழுது, ஒழுங்கு செய்வாரின்றித் திறந்துவிட்டனர். ஒரு பஸ் உள்ள முதலாளிகள் பலர் ஒரே வழித்தடத்திலே போட்டியிட்டனர். சாரதிக்கும் நடத்துநருக்கும் மாதச் சம்பளம் இல்லை. அன்றைய சேர்மானத்திலேதான் அவர்களுடைய பங்கு. ஆகவே ஆட்கள் சேரும் வரை தரிப்பில் ஊர்வதும், பின்னால் மற்றொரு பஸ் தோன்றியதும் பிசாசு பிடித்தாற் போல் ஓடுவதும் வழக்கமாயின. சாரதியை மட்டும் திட்டிப் பயனில்லை. சேர்மானத்துக்கு ஓடும் முறை நிலைக்கும்வரை இந்த ஓட்டமும் நிலைக்கும்.

பின்னர் வந்த அரசாங்கங்கள் கண்ட பரிகாரம் மேம்பாலம். இராஜகிரியவிலே 2018 ஜனவரியில் மேம்பாலம் திறந்தனர்; சந்தியிலே நின்ற கார்கள் விரைந்து சென்று அடுத்த சந்தியிலே நிற்கின்றன. பஸ்களுக்கென்று வீதியின் ஒரு பகுதியை ஒதுக்கும் முயற்சி 2017 இலும் 2020 இலும் நடந்தது. கண்காணிப்புத் தளர்ந்ததும் கார்கள் அதனுள் புகுந்துகொண்டன. மாலபேயிலிருந்து கோட்டை வரை இலகு புகையிரதப் பாதை அமைப்பதற்கு 2019 மார்ச்சில் ஜப்பானுடன் கடன் உடன்படிக்கை கைச்சாத்தாகியது. 2020 செப்டெம்பரில் புதிய அரசாங்கம் செலவு மிகுதி என்று கூறி அதை நிறுத்தியது. ஒருவர் கையெழுத்திடுவதும் அடுத்தவர் கிழித்தெறிவதும் இந்நாட்டிலே தமிழ் மக்களுக்குப் பழகிய காட்சி. பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தத்துக்கு 1958 இல் நேர்ந்த கதி, சிங்கள மக்களே பெரும்பாலும் பயன் பெற்றிருக்கக் கூடிய ஒரு புகையிரதப் பாதைக்கும் நேர்ந்தது. வாக்குத் தவறும் பழக்கம் ஓரிடத்தோடு நிற்பதில்லை.

எமக்குள்ள தனிக்குறை

பஸ் வண்டிக்கும் தமிழ் அரசியலுக்கும் நீண்டதொரு தொடர்பு உண்டு. 1958 இல் தேசியமயமான பஸ்கள் சிங்கள "சிறீ" எழுத்தைத் தாங்கி வடக்கே வந்தபொழுது எமது மக்கள் தார்ப்பூச்சுடன் வீதிக்கு இறங்கினர். அவர்கள் எதிர்த்தது பஸ்ஸையன்று. பொதுச் சொத்தின் மீது ஓரினத்தின் முத்திரையைக் குத்தியதையே எதிர்த்தனர். எல்லோர் பணத்திலும் ஓடும் வண்டி எல்லோருக்கும் உரியதாய் இருக்க வேண்டும் என்பதே அப்போராட்டத்தின் உட்பொருள்.

1987 இல் பதின்மூன்றாவது திருத்தத்தினால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. ஆயினும் பிள்ளையின் கடவுச்சீட்டு விடயமாகவோ வைத்தியசாலைக்கோ கொழும்புக்கு வரும் கிளிநொச்சிக் கமக்காரன் புறக்கோட்டை பஸ் நிலையத்திலே நின்று படும் பாட்டைப் பாருங்கள். பல இடங்களில் அறிவித்தல் சிங்களத்தில். நடத்துநர் கூவுவது சிங்களத்தில். முறைப்பாடு செய்வதற்கும் சிங்களம் வேண்டும். விளங்காதவன் என்ன செய்வான்? முச்சக்கர வண்டியைப் பிடிப்பான்; கேட்ட பணத்தைக் கொடுப்பான். மொழியறியாத பஸ் ஒவ்வொன்றும் வீதிக்கு மேலும் சில சிறு வண்டிகளை அனுப்புகின்றது. மொழியுரிமையும் போக்குவரத்தும் வேறு வேறு விடயங்கள் என்று எண்ணுவோர் இதைச் சிந்திப்பாராக.

இன்னுமொன்றையும் மறைக்காமற் கூறவேண்டும். 1983 யூலையிலே வீதிகளில் வாகனங்கள் மறிக்கப்பட்டு இனம் விசாரிக்கப்பட்டதையும், போர் நடந்த ஆண்டுகளில் சோதனைச் சாவடி தோறும் பஸ்ஸிலிருந்து இறக்கி அடையாள அட்டை பார்க்கப்பட்டதையும் அனுபவித்த தலைமுறை இன்னும் கொழும்பிலே வாழ்கின்றது. அந்நியர் நடுவே நெருங்கி நின்று, தன் மொழியில் உரத்துப் பேச அஞ்சிப் பிரயாணஞ் செய்வதைக் காட்டிலும், கண்ணாடியை மூடிய காருக்குள் இருப்பது பாதுகாப்பு என்று அத்தலைமுறை எண்ணியிருந்தால் வியப்பில்லை. ஆனால் அச்சத்தினால் பிறந்த பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் முதுசமாகக் கொடுக்கலாமா? பொது இடத்தில் எமது மொழியோடு எழுந்து நிற்கும் உரிமையை, பொது இடத்தை விட்டு விலகிச் செல்வதால் வெல்ல முடியாது.

மறுப்புரைக்கு மறுமொழி

"பஸ்ஸைத் திருத்துங்கள், பின்னர் ஏறுகின்றோம்" என்பர் கார் உடையோர். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017 இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்நாட்டுப் பெண்களிலும் சிறுமியரிலும் நூற்றுக்கு 90 பேர் பஸ்ஸிலோ புகையிரதத்திலோ ஒருமுறையேனும் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியுள்ளனர். அத்தகைய வண்டியில் மகளை ஏற்ற அஞ்சும் தாயிடம் பொதுநலம் பேசுவது இலேசு. அவள் அஞ்சாமல் அனுப்பக் கூடிய வண்டியைக் கொடுப்பதுதான் அரசின் கடமை.

ஆனால் திருத்தம் எப்பொழுது வரும்? அதிகாரமும் செல்வாக்கும் உடையோர் தாமே பயன்படுத்தும் சேவை விரைவிலே திருந்தும். அவர்கள் கைவிட்ட சேவை அநாதையாகும். பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் உயர்ந்த உத்தியோகத்தர்களுக்கும் பல பத்தாண்டுகளாகத் தீர்வையற்ற வாகன அனுமதிப் பத்திரம் வழங்கிய நாட்டிலே பஸ்ஸைப் பற்றிக் கவலைப்பட எவர் இருந்தார்? சட்டம் செய்பவர் பஸ்ஸுக்காக மழையில் நின்றதில்லை. மழையில் நிற்பவருக்குச் சட்டம் செய்யும் இடமில்லை.

சிங்கப்பூர் 1975 யூனில் ஒரு காரியஞ் செய்தது. காலை நெரிசல் வேளையில் நகர மையத்துக்குள் நுழையும் காருக்கு நாளொன்றுக்கு 3 டொலர் அனுமதிக் கட்டணம் விதித்தது. பஸ்ஸுக்குக் கட்டணமில்லை, நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஏறிவரும் காருக்கும் கட்டணமில்லை. ஒரு நகரம் வண்டிகளை விட்டு மனிதர்களை எண்ணத் தொடங்கியதற்கு இது சான்று. நிலத்தடிப் புகையிரதம் அங்கே ஓடத் தொடங்கியது 1987 இல். ஆகவே கோடி கோடியாய்ப் பணம் வந்த பின்னர்தான் நீதி செய்யலாம் என்பது வெறுஞ்சாட்டு. வீதியின் ஓரத்தைப் பஸ்ஸுக்கு ஒதுக்கப் பெருங்கடன் வேண்டியதில்லை. வர்ணமும் பொலிசும் உறுதியும் போதும்.

யார் செய்வது? எதைச் செய்வது?

பதின்மூன்றாவது திருத்தத்தின் கீழ் மாகாணத்துக்குள்ளே பிரயாணிகள் போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் அதிகாரம் மாகாண சபைகளுக்கு உரியது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலும், கொழும்பை உள்ளடக்கிய மேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2019 ஏப்ரிலிலும் முடிவடைந்தன. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தாது, ஆளுநர்களின் கையிலே நிருவாகம் விடப்பட்டது. வாக்குக் கேட்டு வரவேண்டிய தேவையில்லாத ஓர் ஆளுநர் பஸ் தரிப்பிலே நிற்பவரின் முறைப்பாட்டுக்கு ஏன் செவிசாய்க்க வேண்டும்? அதிகாரப் பகிர்வு தமிழருக்கு மட்டும் வேண்டிய சலுகை என்று கூறும் தென்னிலங்கைத் தலைவர்கள், மகரகமையிலே 138 ஆம் இலக்க பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் சிங்களப் பிரயாணியிடம் இதை விளக்குவார்களாக.

ஆகவே நாம் கோருவன இவை. நெரிசல் வேளைகளில் கொழும்பின் தலைவீதிகளில் ஒரு பகுதி பஸ்களுக்கே ஒதுக்கப்படல் வேண்டும். அத்துமீறும் காருக்குத் தண்டம் விதிக்கையில் உடையவரின் பதவி பார்க்கப்படலாகாது. அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே நேர அட்டவணையில் ஓட வேண்டும். சாரதிக்கும் நடத்துநருக்கும் மாதச் சம்பளம் வேண்டும். பெயர்ப்பலகை, அறிவித்தல், பற்றுச்சீட்டு, முறைப்பாடு அனைத்தும் தமிழிலும் இருத்தல் வேண்டும். பெண்களைத் தொந்தரவு செய்வோர் மீது அடுத்த பொலிஸ் நிலையத்திலேயே நடவடிக்கை எடுக்கப்படல் வேண்டும். பொதுப்பணியில் இருப்போருக்குத் தீர்வையற்ற வாகனம் என்ற வழக்கம் சட்டத்தினாலேயே ஒழிக்கப்படல் வேண்டும். மாகாண சபைகள் மக்களால் தெரிவு செய்யப்பட்டோரின் கையில் இருத்தல் வேண்டும்.

எமது கற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே தெருவிலிருந்து ஒரே கந்தோருக்குச் செல்லும் நால்வர் நான்கு கார்களை எடுக்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாட்களாயினும் பஸ்ஸிலோ கரையோரப் புகையிரதத்திலோ செல்லுங்கள். பெயர்ப்பலகையிலே தமிழ் இல்லையென்றால் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்து எழுத்து மூலம் முறையிடுங்கள். சட்டம் அறிந்த ஒருவர் அதே பஸ்ஸில் நிற்கின்றார் என்பது, சட்டம் அறியாத பத்துப் பேருக்குப் பலமாகும்.

ஆடிவேல் விழாவன்று செட்டியார் தெருவிலிருந்து வேல் இரதம் புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும்பொழுது, எத்துணைப் பெரிய மனிதரின் காரும் ஓரங்கட்டி நிற்கின்றது. பலர் கூடி இழுப்பதும் பலருக்காக வருவதும் ஆகிய தேருக்கு ஒருவரின் வண்டி விலகி வழிவிட வேண்டும் என்பது எவரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிகின்றது. உழைத்துக் களைத்த அறுபது பேரைச் சுமந்து வரும் பஸ்ஸுக்கும் அந்த மரியாதையைச் சட்டமாக்கிக் கொடுக்க அரசாங்கம் முன்வரட்டும்.